செபு பாயின் சில்லறைப் பாஷை

மந்தைவெளியிலேயே கத்திரிக்காய் விலை கேட்க அயல்நாட்டுப் பாஷை கற்ற மனிதர் செபு பாய் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெருமுனைத் தையற்காரர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதனால் அவர் பேசுகிற தமிழே பாதிதான் புரியும்.

அவருடைய தம்பி கப்பல் சமையல்காரனாகப் போனவன். பிலிப்பைன் தீவுகளில் செபு என்ற ஊரில் இறங்கி, ஒரு வடநாட்டு ஜவுளி வியாபாரியிடம் வேலைக்கு அமர்ந்துவிட்டான். இங்கேயோ முப்பதுகளின் மந்த காலம். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் கிழிந்த காலரைத் திருப்பித் தைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். புதுச் சட்டை தைக்கக் கொடுப்பவர் யாருமில்லை.

"அண்ணே, நீயும் வந்துவிடு. முதலாளி தையல்காரன் தேடுகிறார். காசு வார்த்தைகள் தெரிந்தால் போதும்" என்று தம்பி எழுதினான். கூடவே தமிழெழுத்தில் ஒரு பட்டியல். குவார்த்தா என்றால் பணம். சின்சில்யோ, சில்லறை. பிலா, என்ன விலை. மஹால், விலை அதிகம்.

பாய் மிஷினை மிதித்துக்கொண்டே உருப்போட்டார். பிறகு தெருவில் இறங்கினார்.

காய்கறிக்காரியிடம் கத்திரிக்காயைக் காட்டி, "பிலா?" என்றார்.

"கண்ணு அவிஞ்சு பூட்ச்சா பாய்? பலா இல்ல, கத்திரிக்கா!"

"வெலைதாம்மா கேட்டேன்."

"அத்த தமிழ்ல கேட்டா வாய் வெந்துடுமா?"

லஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வர ஆறணா கேட்ட ஜட்காக்காரனிடம், வண்டியில் உட்கார்ந்தபடியே "மஹால்! மஹால்!" என்று கத்தினார். அவன் ராயப்பேட்டை நவாப் மாளிகைக்குச் சவாரி என்று நினைத்துக் குதிரையை விரட்டினான். இவர் கத்தக் கத்த வண்டி வேகம் பிடித்தது. ராயப்பேட்டையிலிருந்து பாய் நடந்து வந்தார்.

ஒருநாள் என்னிடம் வந்தார்.

"சார், பராத்தோன்னு எழுதிக்கீறான். மலிவுன்னு அர்த்தமாம். 'ப'வை அழுத்தணுமா, மெல்ல உடணுமா?"

"தெரியாது பாய்."

"பி.ஏ. படிச்சு இன்னா சார் பிரயோசனம்!"

கப்பல் கூலிக்காக, இருந்த இரண்டு மிஷினில் நல்லதை விற்றார். மற்றது பத்து தையலுக்கு ஒருமுறை நூலை அறுக்கும். அதற்கும் அவர் "மஹால்" என்றே வைதார்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, செபு முத்திரை குத்திய கனத்த உறையோடு ஓடி வந்தார். உள்ளே இங்கிலீஷ் கடிதம்.

"முதலாளியே எழுதிக்கீறாரு! படிங்க சார்."

படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"இன்னா சார், வேலை ஆயிட்ச்சா?"

தம்பி காய்ச்சலில் இறந்து இரண்டு மாதமாகிவிட்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் பெட்டியை விற்றுச் செலவைச் சரிக்கட்டினார்களாம். மீதி இத்துடன் இருப்பதாக முதலாளி எழுதியிருந்தார். உறையின் அடியில் ஒரு துணித் துண்டில் மூன்று காசு முடிந்திருந்தது. இதையெல்லாம் எந்த வார்த்தைகளில் அவரிடம் சொன்னேன் என்பது நினைவில்லை.

பாய் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். முடிச்சை அவிழ்த்து, காசுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காசுக்குத்தான் சார் எல்லா வார்த்தையும் எழுதினான். மௌத்தாப் போனா அங்க இன்னா சொல்வாங்கன்னு எழுதவேயில்ல."

காசுகளை மறுபடி துணியில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு அந்தப் பாஷையை அவர் வாயில் நான் கேட்கவில்லை. கடை ஒரு மாதத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது. திறந்த அன்று, நூல் அறுக்கிற மிஷினுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு கஜம் துணியோடு போய் நின்றேன்.

"அளவு எடுக்கணுமா சார்?"

"எடுங்க பாய். ஒண்ணும் அவசரமில்லை."

ஆபீஸுக்கு மூன்று சட்டை இருந்தால் தாராளம். அந்த வருஷம் நான் ஏழு தைத்துக்கொண்டேன்.