பெட்டியைக் காலி செய்த பெருந்தகை

மெயில் பெட்டியைக் காலி செய்தவனே மனத்தைக் காலி செய்தவன். அந்தப் பேறு பெற்றவர் பூவுலகில் ஒருவர்தான். அவர் எங்கள் ஒசாகா அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் குராமோச்சி. நாங்கள் அவரைப் பதவிப் பெயரால் 'கச்சோ' என்றே அழைப்போம்.

அவர் பெட்டி நிரம்பி வழிந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியில் ஒரு கோப்பை அனுப்பினால் பூட்டித்தான் அனுப்புவோம். அதைத் திறக்கும் கடவுச்சொல்லை, 'பாதுகாப்பு' கருதி, அதே ஆளுக்கு அதே பெட்டிக்கு அடுத்த மெயிலில் அனுப்புவோம். பிறகு இரண்டும் வந்தனவா என்று போன் செய்வோம். வந்தன என்று அவர் மெயில் போடுவார். அதற்கு நன்றி சொல்லாதவன் மனிதனா? எல்லாவற்றுக்கும் நகல் எல்லோருக்கும் போகும். விட்டுப்போனவர் மனம் நொந்துபோவார் அல்லவா.

இந்த நிலையில், மாதக் கடைசிக்குள் பெட்டியைக் காலி செய்யும் பிரிவுக்குப் பாராட்டு விழா என்று தலைமையகம் அறிவித்தது. கச்சோ ஒரு வாரம் யோசித்தார். திங்கட்கிழமை காலை அத்தனையையும் மொத்தமாக நீக்கினார்.

"முக்கியமானதா இருந்தா மறுபடி வரும்" என்றார். மறுபடி வந்தவற்றையும் அதே கொள்கைப்படி நீக்கினார். என்ன உறுதி, என்ன துறவு!

அவருக்கு எதிர் மேசையில் இருப்பவர் தனாபே. கணவருக்குக் கப்பலில் வேலை. ஐந்து வயது மகள் கோஹாரு. வெள்ளிக்கிழமை மழலையர் பள்ளி நாடகத்தில் அவளுக்கு முள்ளங்கி வேஷம். அம்மாவுக்கு அரை நாள் விடுப்பு வேண்டும்.

"கச்சோ, லீவு கேட்டு எழுதியிருந்தேனே..."

"மெயில்லதானே?"

"ரெண்டு தடவை போட்டேன்."

"அப்ப நீக்கியிருப்பேன்."

"படிச்சிட்டா?"

"நீக்கியிருப்பேன்னு சொல்றேன்ல."

"இப்ப நேர்லயே கேக்குறேனே. பொண்ணு முதல் தடவையா மேடை ஏறுறா. நான் வருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அடடா, முள்ளங்கியா? ரொம்ப சந்தோஷம். ஆனா வாயால சொன்னா நான் எதைப் பார்த்து அனுமதி குடுக்கிறது? மெயில் போடுங்க, தனாபே-சான்."

போட்டார். கச்சோ கொள்கை தவறவில்லை. அனுமதியில்லாமல் எழுந்து போவது எங்கள் பிரிவில் நடக்காத காரியம்.

வெள்ளிக்கிழமை விழா. கச்சோவின் பெட்டி பெரிய திரையில் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. தலைமையக இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"எப்படிங்க இது சாத்தியமாச்சு?"

கச்சோ இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "எங்க பிரிவுல யாருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லீங்க."

கைதட்டினோம். தனாபேயும் தட்டினார். அப்போது அவர் கைபேசி மெல்ல அதிர்ந்தது. ஆசிரியை மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்து அனுப்பிய படம். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது: ஒரு குட்டி முள்ளங்கியின் முதுகு, அதற்கு எதிரே பெற்றோர் கூட்டம், முதல் வரிசையில் ஆளில்லாத ஒரே ஒரு நாற்காலி.

அதையும் கச்சோதான் காலி செய்திருந்தார்.