இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழின் ஏழாம் பக்கம்

மனிதனுக்கு உணவு, உடை, உறைவிடம் மூன்றும் இன்றியமையாதவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாமனாருக்கு முதல் இரண்டில் ஒரு குறையும் இல்லை. மகள் நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள், சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மூன்றாவதிலும் முக்கால்வாசி சரிதான். வீடு இருந்தது, வீட்டில் அவருக்கென்று ஓர் அறை இருந்தது, அறையில் அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய தேக்குக் கட்டிலும் இருந்தது. கட்டிலின் மேல்தான் அவர் இல்லை.

கட்டிலின் மேல் பெட்டிகள் இருந்தன. கட்டிலுக்குக் கீழேயும், ஜன்னலை மறைத்தும், அலமாரிக்கு மேல் கூரையை முட்டிக்கொண்டும் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பொம்மை. எந்தப் பெட்டியையும் யாரும் திறந்ததில்லை, திறக்கவும் கூடாது. திறந்தால் மதிப்பு போய்விடுமாம். எல்லாம் மாப்பிள்ளையின் சொத்து.

மாப்பிள்ளை பிறப்புச் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். ஒரு மனிதன் பிறந்தான் என்பதை மூன்று ஆதாரம் இல்லாமல் நம்பமாட்டார். அப்படிப்பட்டவர் 'கடைசிக் கோள்' என்ற படக்கதையை மட்டும் ஓர் ஆதாரமும் கேட்காமல் நம்பினார். முப்பத்தெட்டு வருஷமாக வாரம் தவறாமல் வரும் கதை அது. தழும்பு முகத் தளபதி ஒருவரும், தகரம் என்ற ரோபோவும் விண்கலத்தில் ஏறிக் கடைசிக் கோளைத் தேடிப் போகிறார்கள். வாராவாரம் கடைசிக் கோள் வந்துவிடும். இறங்கிப் பார்த்தால் அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று இருக்கும். பெட்டிகளுக்குள் இருந்த பொம்மைகள் எல்லாம் இந்தக் கதையின் ஆட்கள்தான்.

அதனால் மாமனாருக்கு ஹால் சோபாதான் படுக்கை. அதில் கால் நீட்டிப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கும். நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த மாமனார் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டிங்கள மொட்டை மாடி ரூம்ல வெச்சா என்ன?"

"ஐயோ மாமா, அங்க அனல் அடிக்கும். பெட்டி வெளுத்துடும்."

"அப்ப ஹால்ல?"

"ஹால்ல தூசி. கொசு வேற."

"நான் ஹால்லதானே படுக்கிறேன்?"

"நீங்க தாங்குவீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோபாவும் பறிபோகும். 'கடைசிக் கோள் வாசகர் பேரவை' அந்த வீட்டு ஹாலில்தான் கூடும். தலைவர் ஒரு பல் டாக்டர், செயலாளர் மாப்பிள்ளை, எதிர்க்கட்சித் தலைவர் பள்ளியில் இயற்பியல் நடத்தும் வாத்தியார். இன்னும் ஏழெட்டு உறுப்பினர்கள். பேரவைக்கு நாற்பது பக்கத்தில் விதிப் புத்தகம் உண்டு. தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்குக் கூட அதில் ஒரு பிரிவு இருந்தது.

அன்றைக்கும் மாமனார் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் பொருள் எண் நான்கு வந்தது. பதினெட்டு வருஷமாக அதுதான் பொருள் எண் நான்கு. தளபதியின் தழும்பு எப்போதும் இடது கன்னத்தில் இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ், ஏழாம் பக்கத்தில் மட்டும் அது வலது கன்னத்தில் இருக்கிறது. அதே பக்கத்தில் தளபதி, "என் கழுத்துக்கு எண்ணெய் போடு" என்கிறார். தகரமோ, "வீட்டில் மனைவி காத்திருப்பாள்" என்று பெருமூச்சு விடுகிறது. எட்டாம் பக்கத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

"தளபதி இரண்டு பேர்!" என்று வாத்தியார் மேசையைத் தட்டினார். "ஏழாம் பக்கத்துல வர்றவர் இடம் வலம் மாறின கண்ணாடி அண்டத்துலேர்ந்து வந்தவர். நாற்பத்தாறு பக்கம் கட்டுரை எழுதியிருக்கேன், ஒருத்தராவது பதில் சொன்னீங்களா?"

"தளபதி ஒருத்தர்தான் சார்," என்றார் மாப்பிள்ளை. "உள்ள பாதி இயந்திரம். அதனாலதான் எண்ணெய் கேக்கறார். பொம்மைக் கம்பெனியே தளபதியின் எண்ணெய்க் குப்பின்னு தனியா விட்டிருக்கே!"

"அதே கம்பெனி தகரத்தோட மனைவின்னும் ஒரு பொம்மை விட்டிருக்கு. ரோபோ எப்ப சார் கல்யாணம் பண்ணிச்சு?"

மாமனார் அன்றைக்குத்தான் முதல்முறையாக எட்டிப் பார்த்தார். மேசைமேல் கண்ணாடித் தாளுக்குள் அந்த ஏழாம் பக்கம் கிடந்தது. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல் வரும் வரை சிரித்தார்.

"இதுக்கா இத்தனை வருஷம் அடிச்சுக்கிறீங்க? அது நான் பண்ணின தப்புங்க."

மாப்பிள்ளை கண்ணாடித் தாளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மாமனார் விளக்கினார். ஓய்வு பெறும்வரை அவர் அச்சகத்தில் பிலிம் ஒட்டும் வேலை பார்த்தவர். படத்துக்குத் தனிப் பிலிம், எழுத்துக்குத் தனிப் பிலிம். இரண்டையும் விளக்கு மேசையில் வைத்து ஒட்ட வேண்டும். அன்றைக்கு நல்ல பசி. படப் பிலிமைத் தலைகீழாக அல்ல, பின்புறம் முன்புறமாகத் திருப்பி ஒட்டிவிட்டார். இடம் வலமாயிற்று. ஆட்கள் இடம் மாறினார்கள், எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. ரோபோ கேட்க வேண்டிய எண்ணெயைத் தளபதி கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சொல்லும்போதே மாமனாரின் மனக்கண்ணில் கட்டில் தெரிந்தது. எல்லாம் ஒரு வேளைப் பசியால் வந்த கூத்து என்று தெரிந்துவிட்டால் இந்தப் பெட்டிகளை யார் சீந்துவார்கள்? இன்று மாலையே அறை காலி. மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டார்.

"மாமா, உள்ள போங்க," என்றார் மாப்பிள்ளை. முகம் வெளுத்திருந்தது.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "உறுப்பினர் அல்லாதவர் உண்மை சொல்ல விதியில இடம் இல்லை. படிவத்துல எழுதிக் குடுக்கட்டும். மூணு பிரதி."

படிவத்தில் 'தவறு நிகழ்ந்ததற்கான காரணம்' என்ற இடத்தில் மாமனார் 'பசி' என்று எழுதினார். 'அளவு' என்ற இடத்தில் 'போதுமான அளவு' என்று எழுதினார். ஆதாரமாக ஒரு பழைய மெமோவை இணைத்தார். படத்தைத் திருப்பி ஒட்டியது குறித்து விளக்கம் கேட்டு அச்சக மேலாளர் கொடுத்தது. மெமோவை எவனும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. ஆனால் முப்பத்துமூன்று வருஷ வேலையில் அவர் பெயரைத் தட்டச்சு செய்து அச்சகம் கொடுத்த ஒரே கடிதம் அதுதான். தூக்கிப் போட மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு 'உண்மை அறியும் துணைக்குழு' கூடியது. பல் டாக்டர் மெமோவைத் பல் பார்க்கும் தம் குட்டிக் கண்ணாடியால் முன்னும் பின்னும் பார்த்து, அசல்தான் என்று அறிவித்தார். பிறகு விசாரணை.

"நீங்க கடைசிக் கோள் படிச்சதுண்டா?"

"இல்லீங்க. ஒட்டுனதோட சரி."

"தளபதிக்கும் உங்களுக்கும் முன்விரோதம் ஏதாவது?"

"அவரை எனக்குப் பழக்கமே இல்லீங்க."

"மத்த முப்பத்தொரு பக்கமும் சரியா ஒட்டியிருக்கீங்க. ஏழாம் பக்கம் மட்டும் ஏன் தப்பாச்சு?"

"அதான் சொன்னேனே, பசி. ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி அன்னிக்கு ஒண்ணேகாலுக்குத்தான் அடிச்சுது. மணி அடிக்கிறவர் தூங்கிட்டார்."

வாத்தியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஒண்ணேகாலா? இருநூத்துப் பதினொண்ணாம் இதழ்ல விண்கலத்துக் கடிகாரம் நின்னது எத்தனை மணிக்கு?"

மாப்பிள்ளை புரட்டினார். "ஒண்ணேகால் சார்."

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க," என்று வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "மணி அடிக்கிறவர் தூங்கினாரா, தூங்க வைக்கப்பட்டாரா?"

"அவர் தினமும் தூங்குவாருங்க," என்றார் மாமனார்.

"தினமும்!" என்று வாத்தியார் எல்லோரையும் பார்த்தார். "எத்தனை நாள் ஒத்திகை பாத்திருக்காங்க, கவனிச்சீங்களா?"

தீர்ப்பை மாப்பிள்ளை எழுந்து நின்று வாசித்தார். "மேற்படி நபர் தவறு ஏதும் செய்யவில்லை என்றும், மேற்படி தவறு மேற்படி நபர் வழியாக நிகழ்த்தப்பட்டது என்றும், அதற்குத் தேவையான பசி கண்ணாடி அண்டத்திலிருந்து உரிய நேரத்தில் வழங்கப்பட்டது என்றும் இப்பேரவை ஒருமனதாகக் கண்டறிகிறது."

பதினெட்டு வருஷச் சண்டை தீர்ந்தது. வாத்தியாரும் மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"அப்ப அந்தப் பெட்டிங்க?" என்று மாமனார் மெல்லக் கேட்டார்.

"பெட்டிகளின் மெய்த்தன்மை இதனால் உறுதிப்படுகிறது," என்றார் பல் டாக்டர். போதாததற்கு, அந்த அறை இனி 'ஏழாம் பக்க நினைவகம்' என்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். மெமோவுக்குச் சட்டம் மாட்டி அங்கேயே தொங்கவிட்டார்கள். கதவுக்குப் பூட்டு வந்தது.

மாமனாருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் மாப்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பேராசிரியை, அந்தப் பசி மேல்வயிற்றில் எடுத்ததா, அடிவயிற்றிலா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முப்பத்துமூன்று வருஷத்தில் முப்பதாயிரம் பக்கத்துக்குக் குறையாமல் சரியாக ஒட்டியவர் அவர். அதற்காக அவரை இதுவரை யாரும் ஒரு டீக்குக் கூடக் கூப்பிட்டதில்லை. தப்பாக ஒட்டிய ஒரு பக்கத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அவரும் எழுந்து நின்று கும்பிட்டார்.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர் மூக்கை அளந்தார்கள், காதை அளந்தார்கள். மூன்று மாதத்தில் 'பிலிம் ஒட்டுநர்' பொம்மை கடைக்கு வந்தது. சின்ன விளக்கு மேசை, கையில் சாப்பாட்டுப் பெட்டி, முதுகில் ஒரு பொத்தான். அழுத்தினால் "பசிக்குது" என்று சொல்லுமாம். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை அதில் இருபத்துநான்கு வாங்கி நினைவகத்தில் அடுக்கினார். அதோடு அறைக்குள் காற்று நுழையவும் வழியில்லாமல் போயிற்று.

மாமனார் முப்பத்தெட்டு வருஷ இதழ்களையும் படித்து முடித்தார். பேரவையின் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார். பொம்மை சாப்பாட்டுப் பெட்டியை வலது கையில் பிடித்திருப்பது வரலாற்றுப் புரட்டு என்று அறிக்கை விட்டார். அதன் பேரில் 'இடக்கைக் கட்சி' என்று ஒன்று உருவாகி, பொருள் எண் நான்கு மறுபடியும் உயிர் பெற்றது.

இதையெல்லாம் பார்த்துப் பொறுமை இழந்தவள் மகள் ஒருத்திதான். அவளுக்குத் தளபதியும் வேண்டாம், கண்ணாடி அண்டமும் வேண்டாம். எழுபதை நெருங்கும் அப்பா சோபாவில் முதுகைக் கோணிக்கொண்டு படுப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கணவர் அலுவலகம் போன கையோடு, மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தாள். பழைய சாமான் வாங்குகிறவர் வாசலில் கோணியோடு நின்றார்.

"அப்பா, எழுந்திருங்க. எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுடறேன். அவர் வந்து குதிச்சா நான் பாத்துக்கறேன். ராத்திரி நீங்க உங்க கட்டில்ல காலை நீட்டித் தூங்கணும்."

மாமனார் பதறி ஓடி வந்தார். அவள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினார். அதன் கண்ணாடித் தாளுக்கு உள்ளே இருந்து அவருடைய மூக்கே அவரைப் பார்த்தது. சட்டைத் துணியால் தூசியைத் துடைத்து, இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்தார்.

"மூலையெல்லாம் நசுங்கிடும்மா. அவரை அனுப்பு."

"அப்ப கட்டில்?"

"அதெல்லாம் முறைப்படி நடந்துட்டிருக்கு. நான் குடுத்த கட்டில் மனுவை விசாரிக்கத் துணைக்குழு போட்டாச்சு."

"யாரு தலைவர்?"

"நான்தான்."

மகளுக்கு மூச்சு வந்தது. "நல்லதாப் போச்சு. அப்ப இன்னிக்கே குடுத்துடலாமே?"

"அதெப்படிம்மா? போன வாரம் கூடினோம். அது என் கட்டில்தான்கிறதுக்கு ஆதாரம் போதலை," என்றார் மாமனார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ அனுப்பியிருக்கேன். முப்பது நாள் அவகாசம் இருக்கு. பாப்போம், என்ன பதில் சொல்றேன்னு."