கஸ்தூரி வீட்டுக்குப் போன கிரைண்டர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மந்தைவெளியில ஒரு அம்மாகிட்ட உயில்ல கையெழுத்து வாங்கணும்.

வீட்டுக்காரர்கிட்ட, "அரை மணி நேரத்துல வந்துடறேன், சாம்பார் மட்டும் வச்சுடுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். காலையில பதினோரு மணி.

நான் வக்கீல். சொந்தமா ஒரு சின்ன வீடு இருந்தும் வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்களுக்கு இலவசமா உயில் எழுதிக் கொடுக்கிற ஒரு குழுவுல இருக்கேன். கோர்ட்டுல நான் வாயைத் திறந்தா ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த வேலையிலதான் ஜனங்க நான் பேசறதைக் காது கொடுத்துக் கேட்பாங்க. அதுக்காகவே போவேன்.

அந்த அம்மா பேர் வசந்தா. தெருமுனையில இஸ்திரி வண்டி வச்சிருக்காங்க. ரயில்வே ஸ்டேஷன் பின்னாடி சந்துல ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. பட்டா அவங்க பேர்ல. புருஷன் இல்லை. பையன் ஆவடியில குடும்பத்தோட இருக்கான். வர்றப்ப எல்லாம் "இதை வித்துடலாம்மா"ன்னுதான் பேச்சையே ஆரம்பிப்பான். பொண்ணு செல்வி, புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து அம்மாகூடத்தான் இருக்கா.

உயில் இல்லாம வசந்தாக்காவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வீடு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. பையன் விக்கச் சொல்லுவான், செல்வி தெருவுல நிப்பா. திங்கட்கிழமை வசந்தாக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதனால அன்னைக்கே முடிச்சாகணும்.

உயில் ஒரே பக்கம். வீடு செல்விக்கு. கீழே ரெண்டு சாட்சிக்கு இடம். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும் எதிர் டீக்கடை முருகேசனும் வந்து உட்கார்ந்தாச்சு. படிச்சுக் காட்டினேன். பேனாவைத் திறந்தேன். அப்புறம், புத்தியுள்ள எந்த வக்கீலும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, மனசுல வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது.

"கஸ்தூரிக்கு ஒண்ணுமே எழுதலியேம்மா. எனக்காக வேலையை வுட்டுட்டு வந்து குந்திக்கினு கீது. சும்மா கையெழுத்து வாங்கினு அனுப்பறதா? நம்ம கிரைண்டரை அதுக்கு எழுது."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்ன மனசுடா சாமின்னு நெனச்சுக்கிட்டு, முனையில இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, கடைக்கார லதாவை விட்டுத் திருத்தி டைப் அடிச்சு எடுத்துட்டு வந்தேன். கஸ்தூரி கையில பேனாவைக் கொடுக்கும்போதுதான் உறைச்சது. உயில்ல பொருள் வாங்கறவங்க அதே உயிலுக்குச் சாட்சி போட்டா, நாளைக்குப் பையன் அதையே பிடிச்சுக்கிட்டு வழக்காடுவான். புதுசா வர்ற ஜூனியர்களுக்கு இதை வகுப்பெடுக்கறதே நான்தான்!

கஸ்தூரிகிட்ட பக்குவமா எடுத்துச் சொன்னேன். சாட்சி, இல்லைன்னா கிரைண்டர், ரெண்டுல ஒண்ணுதான்னு.

அந்தம்மா ஒரு நொடிகூட யோசிக்கலை. பேனாவை என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

சரி, லதாவையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். பாவம், கடையைச் சாத்திட்டு வந்தாங்க. கடையைச் சாத்திட்டு வந்தவங்களை எப்படி வெறுங்கையோட அனுப்பறதுன்னு வசந்தாக்கா தையல் மெஷினை லதாவுக்குன்னு சொல்லிட்டாங்க. இதை முருகேசனும் கேட்டுக்கிட்டிருந்தார். லேசா ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். பீரோ அவருக்குப் போயிடுச்சு.

ரெண்டு சாட்சியும் காலி.

நான் உட்கார்ந்து பொறுமையா விளக்கினேன். வசந்தாக்கா என்னைவிடப் பொறுமையாக் கேட்டாங்க.

"நீ படிச்சவ, சட்டம் தெரியும். ஆனா வூட்டுக்கு வந்தவங்களை சும்மா அனுப்பிட்டு ஆஸ்பத்திரியில நான் எப்படிம்மா நிம்மதியா படுப்பேன்?"

இதுக்கு எந்த செக்‌ஷன்ல பதில் இருக்கு?

அப்பத்தான் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. நானே சாட்சி போடலாமே! ஒரு கையெழுத்து கைவசம். மெஷின், பீரோ எல்லாத்தையும் சேர்த்து மறுபடியும் டைப் அடிக்க லதாவை அனுப்பிட்டு, ஜம்முனு முருகேசன் கடை டீயைக் குடிச்சேன். நான் டீ குடிச்ச நேரத்துல வசந்தாக்காவும் லதா பின்னாடியே கடைக்குப் போயிருக்காங்க. வந்த பேப்பர்ல கடைசி வரி: "சுவர்க் கடிகாரம் வக்கீலம்மாவுக்கு."

அதுக்குள்ள சந்து முழுக்க விஷயம் பரவிடுச்சு. வாசல்ல ஏழெட்டுப் பேர். எல்லாருமே கையெழுத்துப் போடத் தயார். ஒருத்தர் கண்ணு ஃப்ரிட்ஜ் மேலயே இருந்தது. மணி ரெண்டு. சாம்பார் ஆறிப்போச்சுன்னு வீட்டுலேர்ந்து போன். நிஜமாவே எனக்குப் பயம் வந்துடுச்சு. ஒரு பக்க உயிலை முடிக்கத் துப்பில்லாம நான் எழுந்து போயிட்டா, நாளைக்கு நடுத்தெருவுல நிக்கப்போறது செல்வி.

அதுவரைக்கும் மூலையில துணி மடிச்சுக்கிட்டிருந்த செல்வி நிமிர்ந்து பார்த்தா.

"யம்மா, குடுக்கறதை இப்பவே கையில குடுத்துடேன். உயில்ல வூடு மட்டும் இருக்கட்டும்."

நானும் அதைத்தான் சொல்ல வந்தேங்கிற மாதிரி தலையை ஆட்டினேன். யாரும் நம்பலை.

கிரைண்டர் கஸ்தூரி வீட்டுக்குப் போச்சு. தையல் மெஷின் ஜெராக்ஸ் கடைக்குப் போச்சு. பீரோ மட்டும் டீக்கடை வாசல்ல நுழையலை. நேரா, குறுக்கா, சாய்ச்சு எல்லாம் பார்த்துட்டு, "எனக்கு எதுக்குக்கா இது"ன்னு முருகேசன் வேண்டாம்னுட்டார். நானும் கடிகாரம் வேண்டாம்னுட்டேன். ஆக, எதுவும் வாங்காத சாட்சி ரெண்டு பேர் கிடைச்சாச்சு!

ஆனா வசந்தாக்கா முகம் வாடிப்போச்சு. வெறுங்கை ரெண்டு பேராச்சே.

"அப்ப சாப்டுட்டுத்தான் போவணும்" அப்படின்னாங்க.

சாப்பாட்டுக்குச் சட்டத்துல தடை இல்லை. முதல்ல எழுதின அதே பக்கத்துல வசந்தாக்கா கையெழுத்துப் போட, நானும் முருகேசனும் கீழே போட்டோம். அப்புறம் ரெண்டு பேரும் மீன் குழம்பை ஒரு கை பார்த்தோம். காலையிலேயே சாப்பிட உட்கார்ந்திருந்தா பதினொன்றரைக்கே முடிஞ்சிருக்கும்.

கிளம்பறப்ப செல்வி வாசல் வரைக்கும் வந்தா. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, "இப்ப வூடு எனக்குத்தான வக்கீலம்மா? உள்ளதான் பாதி சாமானைக் காணோம்" அப்படின்னு சிரிச்சா. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப சந்தோஷமா இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறிப்போன சாம்பாரையும் மரியாதையா சாப்பிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பத்து நாள் கழிச்சு வசந்தாக்கா போன் பண்ணாங்க. குரல் கணீர்னு இருந்தது.

"வக்கீலம்மா, மாவு ஆட்டணும்னா கஸ்தூரி வூட்டு வாசல்ல போய் நிக்க வேண்டிக்கீது. அந்த கிரைண்டரைக் கொஞ்சம் மாத்தி எழுத முடியுமா?"

உயிரோட இருக்கிற வரைக்கும் உயிலை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம்க்கா, கஸ்தூரி வீட்டுக்குள்ள போன கிரைண்டரை மாத்த எந்தச் சட்டத்துலயும் வழி இல்லைன்னு சொல்லிட்டேன்.