எல்லாருக்கும் தொண்ணூற்றொன்பது

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
புதன்கிழமை

அன்பு மருமகன் ரொனால்டுக்கு, உன் தாய்மாமன் ராயப்பராஜ் எழுதுவது. பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டர் வேலையும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், அவளுடைய முழங்காலும் பரவாயில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்தான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நம் கோவில் பாடகர் குழுவின் பழைய கீபோர்டை லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தாய் அல்லவா? நான் கட்டையை அமுக்கினால் லேப்டாப் ஆர்கன் மாதிரி சத்தம் போடும். சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது என்று சொன்னேன். உள்ளே நூறு வேலை நடக்கிறது, யாருக்கு முதலில் வழிவிடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கி, சத்தம் போடும் வேலைக்கு 80 என்று நம்பர் போட்டாய். நம்பர் கூடினால் மரியாதை கூடும், 99 உச்சம். "வேகமா ஓடணும்னு இல்ல மாமா, சொன்ன நேரத்துக்குத் தவறாம வரணும், அதான் ரியல் டைம்" என்றாய். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? குஜிலியம்பாறை வண்டி பறக்க வேண்டாம், 9.10க்கு எடுத்தால் போதும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நம்பர் சமாச்சாரத்தை நான் ஒத்திகையில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதே லேப்டாப்பில்தான் ஸ்டீபன்ராஜ் பூசையைக் குவைத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலையாக அனுப்புகிறான், ஏஞ்சலின் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறாள். ஸ்டீபன்ராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என் வேலை இளப்பமா மாமா? குவைத்துல இருந்து பாக்குறவுக கிறிஸ்தவுக இல்லையா?" என்றான். ஏஞ்சலின் அடுத்த ஒத்திகைக்கே வரவில்லை. மேடையில் நாற்காலியை ஒரு சாண் பின்னால் போட்டதற்கு மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள் உள்ள ஊர் இது, அதில் உன் அப்பாவும் ஒருவர். எதற்கு வம்பு என்று, நீ எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து மூன்று வேலைக்கும் 99 போட்டேன். அதோடு விட்டேனா? பிரிண்டருக்கும் போட்டேன். பாவம், அது மட்டும் என்ன குற்றம் செய்தது?

பங்குத் திருவிழாப் பூசை. கோவில் கொள்ளாத கூட்டம். வருகைப் பாடலுக்கு நான் கட்டையை அமுக்கியதும் சத்தம் கொரகொரவென்று கிளம்பி, ஒரே சுரத்தில் "ங்ஙீ" என்று நின்றுவிட்டது. திரையில், முன்பு ஒரு சாவுக்கு ஏஞ்சலின் ஏற்றி வைத்திருந்த அடக்கப் பூசைப் பாட்டு வந்து அப்படியே உறைந்துபோனது. மவுஸ் அசையவில்லை. எங்கள் குழுத் தலைவி ஐரின், "அமத்துங்க மாமா, அமத்துங்க!" என்று பல்லைக் கடித்தாள். எதை அமர்த்த? பதற்றத்தில் கைக்கு வந்த வயரையெல்லாம் பிடுங்கினேன், "ங்ஙீ" நின்றது, பூசை வைத்துக்கொண்டிருந்த பங்குச் சாமியின் மைக்கும் சேர்ந்து நின்றது. பூசை முடிந்து சாமி என்னைக் கூப்பிட்டு ஒரு பென் டிரைவைக் காட்டினார். "எல்லாப் பாட்டும் ரெக்கார்டு பண்ணி இதுல இருக்கு ராயப்பு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒருதடவ பாப்போம். மறுபடி நின்னாலோ பிந்துனாலோ இனிமே இதுதான்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக நான் உட்காரும் நாற்காலி, மருமகனே. விரல் நீளக் குச்சி ஒன்றுக்கு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் குற்றம் புரிந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே நம்பர் என்றால், உள்ளே போனவன் தானாக வெளியே வரும்வரை அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். நத்தம் வண்டி எடுக்காமல் நின்றால் பின்னால் இருப்பவன் ஹாரன்தான் அடிக்கலாம். ஸ்டீபன்ராஜின் நேரலை அப்படி நின்றிருக்கிறது. எல்லார் நம்பரையும் எடுத்துவிட்டுச் சத்தத்துக்கு மட்டும் 80 போட்டேன். (ஸ்டீபன்ராஜ் தனக்கு 99 இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான், நீயும் வாயைத் திறக்காதே.) கொரகொரப்பு போய்விட்டது. ஆனால் நேற்று ஒத்திகையில் ஐரின், "இன்னும் பிந்துது மாமா" என்கிறாள். 99க்கு ஏற்றினேன், அப்போதும் பிந்துகிறது. ஆகவே லேப்டாப்தான் உதவாக்கரை. நூறு, நூற்றைம்பது என்று நம்பர் ஏறக்கூடிய வேறு லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்து சேர். அத்தை பிரியாணிக்குச் சொல்லிவைத்திருக்கிறாள்.

மாதா உன்னையும் உன் வேலையையும் காப்பாளாக. உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், அப்பாவுக்கு வணக்கத்தைச் சொல்.

உன் மாமன்,
ராயப்பராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒத்திகைக்குப் போய் வந்தேன். ஐரின் நான் வாசிப்பதைப் போனில் பிடித்துப் போட்டுக் காட்டினாள். கட்டை விழும் 'டொக்'கும் ஆர்கன் சத்தமும் ஒன்றாகத்தான் வருகின்றன. இரண்டும் சேர்ந்துதான் பாட்டுக்குப் பிந்துகின்றன. "நீங்க எங்க வாயப் பாத்து அமுக்குறீக, நாங்க ஒங்க கையப் பாத்துப் பாடுறோம். எப்புடி மாமா நேரத்துக்கு வரும்? கண்ண மூடிட்டு எடுங்க, நாங்க வாரோம்" என்றாள். எடுத்தேன். ஒன்றாக வந்தது. வாசலில் நின்று கேட்ட சாமி பென் டிரைவை அங்கிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேப்டாப் வேண்டாம், நீ மட்டும் வா. ஆனால் பழுது லேப்டாப்பில்தான் என்று உன் அத்தை தொடங்கி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆகையால் வந்ததும் நாலு பேர் பார்க்க அதைத் திறந்துவைத்துச் செத்த நேரம் எதையாவது தட்டிக்கொண்டிரு.