குத்தகை குறைக்கப் போன வெற்றிலை வட்டா

வில்லரே, மொன்றியல்
24.03.1996

மதிப்புக்குரிய மச்சான் சிவானந்தம் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை கனகமணியும் மகள் சுதாஜினியும் குளிரைத் தவிர மற்றெல்லா வகையிலும் சுகம். ஸ்காபரோவில் நீங்களும் மச்சாளும் நலமாயிருக்கவும், உங்கள் முழங்கால் மடங்கி நிமிரவும் மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன் நீங்கள் தொலைபேசியில், "மானியத்த நிப்பாட்டினா பண்ணைக்காரன் நிலத்த விட்டிடுவான், ஆடுகள வித்துப்போட்டு இஞ்ச வாங்க" என்று சொன்னதும் நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். மன்னிக்கவேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி. நாங்கள் வருகிறோம். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

சுதாஜினியின் நிச்சயதார்த்த விருந்துக்கென்று போன ஓகஸ்டில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் போய் ஒரு ஆடு வாங்கினேன் அல்லவா, அதை விற்றவர்தான் பேனாட். முப்பது பால்மாடு, ஐம்பத்தேழு வயது, கல்யாணம் இல்லை, மனிதரோடு கதைப்பதைவிட மாட்டோடு கதைப்பதே அதிகம். ஆட்டைப் பார்த்த கனகமணி, "வயித்துப்பிள்ளைக்காரிய வெட்டியா என்ட பிள்ளைக்கு நிச்சயதார்த்தம்? நல்லாயிருக்கு!" என்று ஒரே பிடியாய் நின்றதால் விருந்து கோழியோடு முடிந்தது. ஆடு பேனாட்டின் நிலத்து மூலையிலேயே தங்கி, இப்போது தாயும் பிள்ளைகளுமாக ஐந்து உருப்படி. அந்த மூலைக்கு நான் வாடகை கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் கனகமணி பஸ் ஏறிப் போய்விடுவாள். நாட்டை விட்டு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அங்கேதான் கண்டேன், மச்சான். அதனால்தான் உங்கள் பேச்சு எனக்கு அப்படிச் சுட்டது.

ஆனால் நிலம் பேனாட்டுடையதும் இல்லை. பக்கத்து வீட்டு அக்னெஸ் என்ற விதவை அம்மாவுடையது. அவர் பேனாட்டுக்கு விட, பேனாட் அதில் ஒரு மூலையை எனக்கு விட, அப்படி ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் தீவனம் வந்துசேரும் ரயில் கூலிக்குக் கொடுத்த உதவியை அரசாங்கம் நிறுத்தியது. இந்த வருஷம் பாலுக்குக் கொடுப்பதையும் படிப்படியாக நிறுத்தப் போகிறதாம். இதே வாடகையில் முப்பது மாட்டைக் கட்டிப் பார்க்க முடியாது, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று பேனாட் தலையில் கைவைத்தார். விவசாயக் கல்லூரியில் படிப்பிக்கும் நம்முடைய தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஜெயராமிடம் ஓடினேன். அவர் சிரிக்கிறார். "சார், மானியம் மாட்டுக்கு வருதுன்னு நெனைச்சீங்களா? அது மாட்டு வழியா நடந்து நிலத்துக்காரங்க வீட்டுக்குப் போயிடுது. இனி மானியம் இல்லேன்னா வாடகை தானா இறங்கும், பாத்துக்கிட்டே இருங்க." இதைப் போய்ச் சொன்னால் பேனாட், "அது தானாக இறங்குமட்டும் மாடுகள் பார்த்துக்கொண்டா இருக்கும்?" என்கிறார். அதுவும் நியாயம்தானே!

சரி, வாடகையைக் குறைக்கச் சொல்லி அக்னெஸிடம் நேரே கேளும் என்றால், மனிதர் மாட்டேன் என்கிறார். பதினொரு வருஷமாக வாடகைக் காசோலையைத் தபாலில்தான் அனுப்புகிறாராம். அந்த அம்மாவின் வீடு மாட்டுக்கொட்டிலில் நின்று கைதட்டினால் கேட்கும் தூரம்! ஏன் ஐயா தபால் என்று கேட்டால் முகம் சிவக்கிறது. குளிராக்கும் என்று விட்டுவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் கேட்கிறேன் என்று கிளம்பினேன். காணி விஷயம் கதைக்க வெறுங்கையோடு போவது நமக்குப் பழக்கமா? கனகமணி விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பித்தளை வட்டாவை, அந்த வெற்றிலைத் தட்டத்தை, புளிபோட்டு மினுக்கினேன். வெற்றிலைக்காகப் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதிக் கடை முழுவதும் ஏறி இறங்கி, இந்தக் குளிரில் விறைத்துப்போயிருந்த நாற்பது இலையை வாங்கினேன். கனகமணி தன்பாட்டில் லட்டும் வாழைப்பழமும் ஒரு கொத்துப் பூவும் சேர்த்துவிட்டாள். பேனாட்டுக்கு என் கோட்டைப் போட்டு, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லிப் பொத்தானைப் பூட்டி, கழுத்துப்பட்டியாக ஒரு ரையும் கட்டினேன்.

கனகமணியும் நானும் பேனாட்டுமாகப் போய்த் தட்ட, அக்னெஸ் கதவைத் திறந்தார். வட்டாவைப் பார்த்தார், பேனாட்டின் ரையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வட்டாவை நீட்டி, பாடமாக்கி வைத்த ஆங்கிலத்தில், "அம்மா, இவர் கேட்க வெட்கப்படுகிறார், இவருக்காக நாங்கள் வந்திருக்கிறோம்" என்று தொடங்கினேன். வாடகை என்ற சொல்லுக்கு நான் வந்துசேரமுன்னமே அந்த அம்மா ஒரு வெற்றிலையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். பிறகு எங்கள் மூவருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம். எனக்கும்தான், மச்சான். கனகமணி இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

மானியம் போன கவலையில் இவ்வளவு அழுகிறாவே, நல்ல மனுஷி, இனி வாடகையை வாய்விட்டுக் கேட்கவும் தேவையில்லை என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் சுதாஜினி கத்தினாள் பாருங்கள், மேல்மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார். "அப்பா! நீங்க பொம்பிளை கேட்டுட்டு வந்திருக்கிறீங்க!" நிச்சயதார்த்தத்துக்குப் பேனாட்டோடு அக்னெஸையும் அழைத்திருந்தோம். அன்று சபையில் வைத்ததும் இதே வட்டா. முன்வரிசையில் இருந்த அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்க, இவளும், "வட்டாவ நீட்டிச் சம்பந்தம் கேப்பாங்க, வெத்திலைய எடுத்தா சம்மதம்" என்று விளக்கியிருக்கிறாள். பாவம், காணிக்கும் அதே வட்டாதான் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பேனாட் அன்று அக்னெஸ் கொடுத்த அப்பிள் பை பலகாரத்தைத் தின்றார், எங்களை லொறியில் கொண்டுவந்து இறக்கினார், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பி என்னைப் பார்த்தார். இன்றோடு ஒன்பது நாள். போனும் எடுக்கிறார் இல்லை. ஆடு பார்க்கப் போக எனக்கு முகமில்லை. கனகமணி, "அந்த மனிசன வெக்கப்படுத்திப்போட்டீங்க. மறுகா என்ட ஆட்டுப்பிள்ளைகள ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அழுகிறாள். நான் கூடத்தில் இருந்து அழுகிறேன். நல்லது செய்யப்போய் ஒரு தங்கமான மனிதனைத் தொலைத்துவிட்டேன். ஆகவே மச்சான், ஸ்காபரோவில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு பாருங்கள். அங்கே யாராவது ஆடுகளை வெட்டாமல் வளர்ப்பார்களா என்றும் விசாரியுங்கள். தாய்க்காரி கொஞ்சம் இடிப்பாள், ஆனால் மனசில் ஒன்றும் இல்லை.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் குறையாதிருக்க வேண்டி நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை அழவைத்த குற்றவாளி,
குணரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது வாசலில் பேனாட்! தவறை விளக்கவென்று ஒன்பது நாளும் அக்னெஸ் வீட்டுக்குப் போனாராம், ஒன்பது நாளும் அந்த அம்மா சாப்பாடு போட்டாராம், கடைசி நாள் என்ன விளக்க வந்தோம் என்பதே மறந்து, உண்மையாகவே கேட்டுவிட்டாராம். மானியம் நிற்கத்தான் போகிறது. பன்னிரண்டு மாட்டை விற்றுவிட்டு ஆடு வளர்க்கப் போகிறார்கள், ஆடுகளுக்குப் பொறுப்பு கனகமணி. வாடகையை இனி யார் யாருக்குக் கொடுப்பது? ஜெயராமுக்குப் போன் பண்ணினேன். "நான்தான் சொன்னேனே சார், இறங்கும்னு! சைபருக்கே வந்துடுச்சு பாருங்க" என்கிறார். ஆகவே வீடு பார்க்க வேண்டாம். ஜூனில் கல்யாணம். பேனாட்டுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, "நீங்கள்தான் என் பக்கம் நிற்க வேண்டும்" என்று கனகமணியின் கையைப் பிடித்துக் கேட்டார். முழங்காலைச் சரிப்படுத்திக்கொண்டு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாப்பிள்ளை பகுதிக்கு இப்போது நானும் உங்கள் தங்கையும் சுதாஜினியும் ஐந்து ஆடும்தான்.