பெரிய கண்ணுக்குச் சந்தனம்

எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏதாவது பிழையாகிப்போனால், பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது உடனே தெரிந்துவிடும். என் விஷயத்தில் பட்டியலில் இல்லாமல் போனது என் அம்மா.

நான் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். இரத்த அழுத்தம் அளக்கிற கருவி உண்மை பேசுகிறதா, குழந்தைகளை நிறுக்கிற தராசு பொய் சொல்கிறதா என்று பார்ப்பது. நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். (சந்தேகப்படும் திறமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. சம்பளம் எனக்கு மட்டும்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடுவேன். பல்கலைக்கழகக் காலத்தில் ஒரு தோழி, நகர விளிம்பில் சியாகுல்லியின் மாண்டரின் பழத் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் ஒரு சுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். அவள் அதற்குப் பிறகு வரவில்லை, நான் நிறுத்தவில்லை. படுத்து, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல அழுத்தினால், தாளில் ஒரு துளை. அந்தத் துளையோடு யாரும் வாதாட முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "துவக்குக்குத் தப்பித்தான் இஞ்சை வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் துவக்குப் பிடிக்கிறாய்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை. நான் ஞாயிறு காலையில் சப்பாத்துப் போடும்போது, அவர் யன்னலடியில் நின்று கீழே பல்லாரோச் சந்தைக்காரர்கள் கத்துவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவின் கவலை வேறு. அனுமதிப் பத்திரத்துக்காக நானாகவே குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்துக்கு, போனதை அவரால் தாங்க முடியவில்லை. (எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே வதிவிடப் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். கூப்பிடாமல் அங்கே போன முதல் தமிழ்ப் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும்.)

கழகத்தில் எல்லோரும் ஐம்பது மீற்றரில் சுடுவோம், கோப்பி குடிப்போம், வீட்டுக்குப் போவோம். நீண்ட தூரப் போட்டி என்று ஒன்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் தீவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் நடக்கும். அறுநூறு மீற்றர். அதைப் பற்றிப் பேசாத ஞாயிறு கிடையாது. அதற்குப் போன ஆளும் கிடையாது. கேட்டால் ஆளுக்கொரு காரணம். என் துப்பாக்கி அந்தத் தூரத்துக்குப் போதாது. தோட்டா விலை. காற்றைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரியாது. பயிற்சி எடுக்க இந்தப் பக்கம் அவ்வளவு நீளமான இடமே இல்லை. விதிப்புத்தகம் எழுதியவருக்கே விளங்காது. எல்லோரிலும் பாவம், செயலாளர் சால்வோ. அந்தத் தூரத்துக்கென்றே வாங்கிய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. வருடக் கணக்காக அதற்கு எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்தார். எப்போது போகிறீர்கள் என்றால், அடுத்த வருடம்.

ஒரு ஞாயிறு நான் எழுந்து நின்று உரை நிகழ்த்தினேன். (யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மடிக்கணினியும் திரையும் நானே கொண்டு போயிருந்தேன்.) தடைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தீர்வும் எழுதியிருந்தேன். கடைசியில், இவை எதுவுமே உண்மையான தடை இல்லை, தெரிந்தவர்கள் முன்னால் தெரியாதவராகப் படுத்துக்கிடக்கிற வெட்கம்தான் உண்மையான தடை என்று முடித்தேன்.

"அதற்குத் தீர்வு?" என்று சால்வோ கேட்டார்.

"வெட்கப்படாமல் இருப்பது" என்றேன். எனக்கு அது மிகவும் எளிதாகத் தெரிந்தது.

சால்வோ கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். அப்படியென்றால் நீ போ, என் துப்பாக்கியோடு நானே கூட வருகிறேன் என்றார். பந்தயம் இதுதான்: நான் ஒரே ஒரு புள்ளி எடுத்தாலும் போதும், அடுத்த வருடம் அவர்கள் எல்லோரும் பெயர் கொடுப்பார்கள். பூச்சியம் எடுத்தால், இத்தனை வருடமாகச் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு கழகத்தில் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எல்லோரும் கோப்பையைத் தூக்கி ஆமோதித்தார்கள்.

துப்பாக்கி அவருடையது, அதன் மேல் பூட்டும் தொலைநோக்கி என்னுடையது. கழற்றித் திரும்பப் பூட்டினாலும் இம்மியும் விலகாத பிடி அதற்கு. கழகத்தில் பலமுறை சோதித்து உறுதிசெய்திருந்தேன். போட்டிக்கு முந்திய வாரம் திருகாணிகளை இறுக்கிப் பார்க்க அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த வாரம் சரஸ்வதி பூசை.

"உன்ரை கண்ணாடிக் குழாய் எங்கை பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"அலுமாரியிலை. ஏன்?"

"பூசைக்கு வைக்க வேணும்."

அப்பா யன்னலடியில் இருந்து திரும்பாமலே சொன்னார்: "அது துவக்கின்ரை சாமான்."

"ஆயுதபூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் வேறை என்னத்தை வைக்கிறது, அகப்பையையோ?"

(அகப்பையும் இருந்தது. கார்ச் சாவி, என் மடிக்கணினி, அம்மா வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டுக்குக் கொண்டுபோகும் நிலம் துடைக்கும் தடி எல்லாம் ஏற்கெனவே பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றன. பட்டியல் போடும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.)

நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். மூடியைத் திறந்து வைக்க வேண்டாம், தூசு போகும். "ஓம் ஓம், மூடித்தான் வைப்பன்" என்றார் அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திரும்பி வந்தபோது தொலைநோக்கி அதே அலுமாரியில், மூடி பத்திரமாக மூடியபடி இருந்தது. மெல்லிய சந்தன வாசம் வந்தது. நல்ல வாசம் என்று நினைத்துப் பைக்குள் வைத்தேன்.

போட்டியன்று சால்வோவின் காரில் போனோம். எதிரே ஒரு பெரிய மலைச்சரிவு, அதன் அடியில் வெள்ளை அட்டைகள், இந்தப் பக்கம் நிறையப் பைகள் வைத்த சட்டை போட்ட மனிதர்கள். எல்லோர் கழுத்திலும் காற்று அளக்கிற கருவி. எனக்கு இலக்கம் மூன்று. வலப்பக்கத்தில், நான்காம் இலக்கத்தில், ஓய்வுபெற்ற ஒரு பொலிஸ்காரர். எல்லோரும் அவரை இன்னும் பழைய பதவிப் பெயரால் மரெஷாலோ என்றே கூப்பிட்டார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை உள்ளே பார்த்துவிடு என்று சால்வோ சொன்னார். சுடும் வரிசையில் படுத்த பிறகுதான் மூடி திறக்கலாம், தூசு, என்றேன். அது என் பட்டியலில் இருந்தது.

கட்டளை வந்தது. பாயில் படுத்தேன். கண் பக்கத்து மூடியைத் திறந்தேன். கையை முன்னால் நீட்டி மற்ற மூடியையும் தட்டிவிட்டேன். பார்த்தேன். உலகம் முழுக்கப் பால். பாலின் நடுவில் இலேசான சிவப்பாக ஒரு விடியல்.

நான் கலங்கவில்லை. (அன்றைக்கு நான் கொஞ்சம் கலங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.) பின்னால் நின்ற சால்வோவுக்கு அமைதியாக விளக்கினேன். "இது கானல். நிலத்துச் சூடு மேலே எழும்பும்போது வெளிச்சம் வளையும்." குளிர்ந்த காலை நேரம், அவர் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார்.

"மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

"அவர்களுக்குப் பழகியிருக்கும்."

அட்டைகளின் மேல் இருந்த இலக்கங்கள் தெரியவில்லை. அதனால் என்ன, எண்ணத் தெரியாதா? இடப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புள்ளிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் என் பத்துத் தோட்டாக்களையும் பொறுமையாக, அழகாக வைத்தேன். சுடும்போது பின்னால் நிற்பவர் பேசக் கூடாது என்பது விதி. சால்வோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார். தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

சுற்று முடிந்ததும் நடுவர்கள் ஜீப்பில் அட்டைகளைப் பார்க்கப் போனார்கள். வானொலிக் கருவியில் எல்லோருக்கும் கேட்கும்படி முடிவு வந்தது. மூன்றாம் அட்டை: சுத்தம், ஒரு துளையும் இல்லை. பிறகு ஒரு தயக்கம். நான்காம் அட்டையில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு துளைகள்.

முதலாம் அட்டை மலையின் நிழலில் நின்றது. என் பால் உலகத்தில் அது கரைந்து போயிருந்தது. நான் எண்ணத் தொடங்கியதே இரண்டிலிருந்துதான்.

எந்தத் துளை யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால், சிறந்தவை அட்டைக்காரருக்கே சேரும் என்பது அந்தப் போட்டியின் விதி. எந்த வருடமும் பட்டியலின் நடுப்பகுதியைத் தாண்டாத மரெஷாலோ, முதலிடத்துக்கு வந்துவிட்டார். எழுந்து வந்து என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். "சிஞ்ஞோரினா, இரண்டாம் சுற்றிலும் தயவுசெய்து என் அட்டையிலேயே சுடுங்கள்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சால்வோ சிரிக்கவில்லை. துப்பாக்கி உறையை எடுத்து அதன் ஸிப்பை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் என்று சொல்கிற முகம். மற்றவர்களின் சிரிப்பு எனக்கு ஒன்றும் செய்யவில்லை, இது சுட்டது.

இன்னொரு சுற்று இருந்தது. நடுவர் வந்து, தோட்டா இல்லாததை உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியின் முன்பக்கமாகச் சுற்றிப்போய்க் குனிந்து பார்த்தார். விரலால் என்னைக் கூப்பிட்டார். போனேன். அன்றைக்கு முதன்முறையாக என் தொலைநோக்கியை நேருக்கு நேர் பார்த்தேன்.

கண்ணாடியில் மூன்று விபூதிக் குறி. நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். அபிஷேகம் முடிந்த கோலத்தில் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன, இரத்தமா?"

"இல்லை. அம்மா."

சிசிலியில் அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவையில்லை. "ஆ, லா மம்மா" என்று நடுவர் தலையாட்டினார். மரெஷாலோ தன் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மனைவி ஒட்டிவைத்த, பலெர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் படம். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து, கண்ணூறு படாமலிருக்க வைத்திருக்கும் சிவப்புக் கொம்பு ஒன்றை எடுத்தார். இன்னொருவர், கொஞ்சம் கூச்சத்தோடு, தாயார் சட்டை விளிம்பில் உப்பு வைத்துத் தைத்திருப்பதைத் தடவிக் காட்டினார். யார் சிரிப்பார்கள் என்று எங்கள் கழகமே பயந்ததோ, அந்த மனிதர்கள் இவர்கள்தான். சிரித்துக்கொண்டே ஒருவர் தூசு ஊதும் குமிழைத் தந்தார், ஒருவர் பஞ்சு தந்தார்.

ஆனால் விபூதி என்பது சாம்பல். அழுத்தித் துடைத்தால் கண்ணாடிப் பூச்சு கீறிப்போகும். சந்தனம் எதில் குழைத்தது என்று தெரியாமல் கை வைக்க முடியாது. சுடும் வரிசைக்குப் பின்னால் போய் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, சந்தனத்தை என்னத்திலை குழைச்சனீங்கள்? தண்ணியிலையோ, எண்ணெயிலையோ?"

"பன்னீரிலை. ஏன் பிள்ளை, காய்ஞ்சு போச்சோ?"

"கண்ணாடியிலை ஏன் பூசினனீங்கள்? மூடியிலை பூசியிருக்கலாமெல்லோ?"

"மூடியிலை பூசினால் அது மூடிக்குத்தானே பூசை. நான் பெரிய கண்ணுக்கு வைச்சனான். சின்னக் கண்ணாலை நீ பாக்கிறனி, அதை நான் தொடேல்லை. நீ சொன்னபடி திருப்பி மூடியும் விட்டனான்."

வாதத்தில் ஓட்டையே இல்லை. அப்போது தொலைபேசி கை மாறியது.

"எவ்வளவு தூரம்?" அப்பாவின் குரல்.

"அறுநூறு மீற்றர், அப்பா."

பின்னால் சந்தைச் சத்தம் கேட்டது, யன்னலடியில்தான் நின்றார். துவக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவர் தன் வாழ்க்கையில் வேறு விதமாகக் கணக்குப் பார்த்தவர்.

"ஆருக்கும் படாதோ?"

"பின்னாலை மலை. ஒருத்தரும் இல்லை."

"அப்ப சுட்டுப்போட்டு வா."

முதலில் ஊதினேன். பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஓரத்தில் ஒரு சந்தன வளையம் மிஞ்சியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சால்வோ உறையைத் திரும்பத் திறந்தார். இந்த முறை மூடியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் அவரையே உள்ளே பார்க்கச் சொன்னேன். பிறகு இலக்கத்தை வாசித்தேன். மூன்று. சுட்டேன்.

இரண்டு சுற்றையும் கூட்டியதில் நான் கடைசி. கடைசிக்கு முந்தியவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். ஆனால் பூச்சியம் இல்லை. நான் பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் சால்வோ முடிவுப் பலகையின் அடிவரியைப் படம் எடுத்துக் கழகத்தில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அடுத்த ஒக்டோபரில் ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். அந்தத் துப்பாக்கியைச் சால்வோவே சுட்டார். அன்றைக்குக் கடைசி இடம் அவருக்கு. தன் பெயர் இருக்கும் அந்த அடிவரியையும் படம் எடுத்து, சட்டம் போட்டுக் கழகத்தில் மாட்டியிருக்கிறார். மரெஷாலோ இன்றைக்கும் என் பக்கத்து இலக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்.

இடையில் ஒரு நாள் சால்வோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். வீட்டில் மற்றவர்களின் இத்தாலியன் அந்த வேகத்துக்கு ஓடாது என்பதால், கானல் விளக்கம் உட்பட என் மானம் போன கதையை நானே தமிழில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டு, மனதில் வைத்துக்கொண்டார்.

இப்போது அம்மா பொட்டை மூடியில்தான் வைக்கிறார், கொஞ்சம் மனக்குறையோடு. பூசையின்போது தொலைநோக்கியை அலுமாரியிலிருந்து எடுத்து வருவது அப்பா. போன முறை அம்மா சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட, அறை முழுக்கப் புகை மூடி, சரஸ்வதி படமே தெரியவில்லை. நான் யன்னலைத் திறக்க எழுந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, என் குரலை அப்படியே எடுத்து, மிக அமைதியாகச் சொன்னார்:

"இரு பிள்ளை. இது கானல். மற்றவைக்குப் பழகியிருக்கும்."