பிரஷர் பார்க்கும்போது கண்ணை மூடாதே

நல்ல ஆரோக்கியமாக இருந்த ஒரு மனிதரைப் பட்டப்பகலில் மரணப் படுக்கையில் கிடத்தியவன் நான். கண்ணை மூடியதைத் தவிர வேறொரு குற்றமும் செய்யவில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேதப்புத்தகமும் மருந்துப்பெட்டியும் ஒரே மாட்டுவண்டியில் வந்திறங்கியவை. மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். (சின்னக் கட்டி என்றால் சின்ன ஜெபம். ஜெபம் நீண்டால் சொந்தக்காரர்கள் வெளியூருக்குப் போன் போடத் தொடங்கிவிடுவார்கள்.)

இருபத்திரண்டு வயதில் ஒடிசா மலைக்கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போக ஒற்றைக்காலில் நின்றேன். பயிற்சியில் பிரசங்கத்தோடு பிரஷர் பார்க்கவும் சொல்லித்தந்தார்கள். பாக்கி இருந்தது சபைக் கமிட்டியின் சிபாரிசுக் கடிதம் மட்டும். அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் கமிட்டிச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அஞ்சுகிராமம் பக்கத்தில் சபை நடத்திய மருத்துவ முகாமில், "ஒனக்க வேலயப் பாப்பம் மக்கா" என்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

பட்டையைச் சுற்றினேன், காற்றடித்தேன், ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். சத்தமே இல்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் இல்லை. "கேக்கல சார்" என்று சொன்னால் கடிதம் போச்சு. ஆகவே கண்ணை மூடி, ஒரே ஒரு துடிப்பாவது கேட்கவேண்டும் என்று ஜெபித்தேன். உருக்கமான ஜெபம், கொஞ்சம் நீண்டுவிட்டது.

"என்ன மக்கா, ஜெபிக்கியா?" சாரின் குரல் உடைந்திருந்தது.

"பயப்படாதீங்க சார்" என்றேன். (நோயாளியிடம் அப்படித்தான் பேசவேண்டும் என்பது பயிற்சிப் பாடம்.)

சார், கூட வந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, துபாய்க்குப் போன் போடு. மவன ஒடனே கெளம்பச் சொல்லு."

அந்த அம்மா முழங்காலில் நின்றார். பின்னாலேயே வரிசையில் நின்ற அத்தனை பேரும் முழங்காலிட்டார்கள். யாரோ சாவு வீட்டில் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டை எடுத்தார்கள்.

சார் என் கையைப் பிடித்தார். "ஒனக்க கடிதம் ரெண்டு மாசமா எனக்க பையிலதான் கெடக்கு. ஒனக்குப் பதிலா மச்சினனுக்க மவன அனுப்பலாம்னு நெனச்சேன். மன்னிச்சிருல. பேனா இருக்கா?"

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேனாவைக் கொடுத்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கவும், பக்கத்து மேசையில் சுகர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா வரவும் சரியாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பின் முகப்பை ஒரு விரலால் திருப்பினாள். "ரெண்டு பக்கம் உள்ளதுல இது. பெரிய பக்கத்தக் கையில வச்சிட்டு, சத்தத்தச் சின்ன பக்கத்துக்குத் திருப்பி வச்சா எப்பிடிடே கேக்கும்?"

அவளே பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. காலையில் வீட்டில் பார்த்தபோது நூற்று முப்பதுதானாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சார் மெல்ல எழுந்து, கடிதத்தைத் திரும்பக் கேட்டார். கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்துத் தந்தார்: "ஜெபத்தில் வல்லவர். நோயாளிகளைத் தொட விடவேண்டாம்."

பன்னிரண்டு வருடமாக ஒடிசா மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் சார் வாசலிலேயே நிறுத்தி, "கண்ணத் தொறந்து வச்சுப் பேசுல" என்பார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடினால் போதும், மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

"அப்பா, இதுல ஆருக்குச் சொகமில்ல?"